மாவுப்பூச்சிக்கு நடுவே ஊர்வது எது?

கேள்வி: தோட்டத்துக் கொய்யா மரத்தில் மாவுப்பூச்சி அப்பிக் கிடக்கிறது. அதற்கு நடுவே அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, உடம்பெல்லாம் வெள்ளைத் திரி தொங்க ஒன்று ஊர்கிறது. இதுதான் தாய்ப்பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

பதில்: மருந்தை எடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளம் கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவுக்குப் பொருந்துகிறது. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே 1890களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன வண்டு இது.

சாதாரண மாவுப்பூச்சி 3, 4 மி.மீ. தான் இருக்கும். புழு 13 மி.மீ. வரை வளரும். ஆனால் நீளத்தை மட்டும் நம்ப வேண்டாம். மாமரத்தைத் தாக்கும் பெரிய மாவுப்பூச்சி 15 மி.மீ. வரை வரும், கொய்யாவிலும் ஏறும். அது தட்டையாக, முட்டை வடிவில் இருக்கும். நீண்ட திரிகள் இருக்காது.

ஈரத் தூரிகையால் ஒன்றைத் தொட்டு வெள்ளைத் தாளில் விடுங்கள். புழு உடனே விறுவிறுவென ஓடும். மாவுப்பூச்சி ஊசி போன்ற வாயைத் தண்டில் செருகியிருப்பதால் எளிதில் வராது; வந்தாலும் மந்தமாக நகரும். பிறகு மல்லாக்கப் புரட்டி, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். புழுவின் ஆறு கால்களும் உடம்பின் முன்பகுதியில் நெருங்கி இருக்கும், தலையில் கடிக்கும் தாடை தெரியும்.

இன்னும் சந்தேகமா? மாவுப்பூச்சி உள்ள சிறு கிளையோடு புழுவைக் குப்பியில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். பூச்சிகள் குறைந்துகொண்டே வந்தால் சந்தேகம் தீர்ந்தது. தீனி தீர்ந்தால் புதுக் கிளை வையுங்கள். பசித்தால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். சில வாரங்களில் 4 மி.மீ. அளவில், ஆரஞ்சுத் தலையோடு கருவண்டு வெளிவரும்.

மரத்தில் கவனிக்க வேண்டியது எறும்பு. இனிப்புக் கழிவுக்காக அது மாவுப்பூச்சியைக் காக்கும், வண்டை விரட்டும். அடிமரத்தில் காகிதம் சுற்றி, அதன்மேல் ஒட்டும் பசை தடவுங்கள். பட்டையில் நேரடியாகத் தடவினால் பட்டை கெடும். சுவரைத் தொடும் ஒரே ஒரு கிளை மிஞ்சினாலும் எறும்பு அந்த வழியே ஏறிவிடும், அதையும் வெட்டுங்கள். சோப்புக் கரைசல் படும் புழுவும் சாகும்; புழு இல்லாத கிளைக்கு மட்டும் அடியுங்கள்.

கேள்வி: இலைமேல் ஒரு துளிக் குப்பை தானாக நகர்கிறது. என்ன அது?

பதில்: கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு. தான் தின்ற அசுவினியின் (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) தோலை முதுகில் சுமந்து திரியும். குப்பையை விலக்கினால் அரிவாள் போல வளைந்த இரு தாடைகள் தெரியும். பக்கத்து இலையில் மெல்லிய காம்பின் நுனியில் நிற்கும் முட்டைகளும் இருக்கலாம். பூஞ்சணம் என்று துடைத்துவிடாதீர்கள்.