ஒட்டுத் தென்னையின் நெற்றைப் போடலாமா?

கேள்வி: எங்கள் தோப்பில் நாட்டு நெட்டை மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு ஒட்டுத் தென்னை நிற்கிறது. நாலாம் வருஷமே பாளை விட்டது. குலை குலையாகக் காய்க்கிறது. அதன் நெற்றைப் போட்டே இருபது பிள்ளை எடுத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செய்யலாமா?
– வாசகி, வாடிப்பட்டி

பதில்: வேண்டாம்மா. ஒட்டுத் தென்னை என்பது குச்சி கட்டி எடுத்ததல்ல; குட்டை மரத்துப் பூவில் நெட்டை மரத்து மகரந்தத்தைச் சேர்த்து எடுத்த கலப்பு மரம். உங்கள் வீட்டுக்காரர் இப்போது யோசிப்பதை நான் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்தே பார்த்துவிட்டேன். சோழவந்தானில் வாய்க்கால் ஓரமாகப் பதினெட்டுப் பிள்ளை வைத்தேன். எல்லாம் ஒரே ஒட்டு மரத்து நெற்று. நாலைந்து சீக்கிரம் காய்த்தன. இரண்டு மரம் பனைக்குப் போட்டியாக வளர்ந்து எட்டாம் வருஷம்தான் பாளை காட்டின. ஒன்று குட்டையாக நின்று, கைக்குள் அடங்குகிற காய் போட்டது. மிச்சமெல்லாம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. தோப்புக்கு வரும்போதெல்லாம் என் மாமனார் அந்த வரிசையைப் பார்த்து, "ஒரு வயித்துப் பிள்ளைகளாய்யா இதுக?" என்பார்.

ஒரு வயிறுதான், அப்பன்தான் யாரென்று தெரியாது. நெட்டையில் ஒரு பாளையின் ஆண்பூ பெரும்பாலும் உதிர்ந்த பிறகே அதன் குரும்பை, அதாவது பெண்பூ, மகரந்தம் ஏற்கும் பக்குவத்துக்கு வரும். அதனால் பக்கத்து மரத்து மகரந்தம் காற்றிலோ தேனீயிலோ வந்து சேரும். உங்கள் ஒட்டு மரத்தைச் சுற்றியும் நெட்டைகள்தானே? போதாததற்கு, தாய் மரமே பாதி குட்டை, பாதி நெட்டை. சீட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி ஒவ்வொரு நெற்றுக்கும் வேறு வேறு கை போகும்.

அதனால்தான் ஒட்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கிறார்கள். குட்டை மரத்தில் பாளை வெடித்ததும் ஆண்பூ முழுவதையும் எடுத்துவிட்டு, பை கட்டி, குரும்பை பக்குவமாகும் நாளில் நெட்டையின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். விலை கூடுவது இந்த ஏறி இறங்குகிற வேலைக்குத்தான்.

சரி, வாங்கும்போது எப்படிப் பார்ப்பது? தாய் செவ்விளநீர் மரமா என்று கேளுங்கள். ஆமென்றால் வேலை சுலபம்: பிள்ளையின் மட்டைக் காம்பைப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் அடங்கிப்போகிற குணம். நெட்டை மகரந்தம் சேர்ந்திருந்தால் காம்பு பழுப்பாக வரும். எடுக்காமல் விட்ட ஆண்பூ தன் குரும்பையிலேயே சேர்ந்திருந்தால் தாயைப் போல ஆரஞ்சாகவே நிற்கும். ஒரு நாற்றங்காலில் 'ஒட்டு' என்று அடுக்கியிருந்த வரிசையில் மூன்றுக்கு ஒன்று ஆரஞ்சு. கேட்டால், "வெயிலுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். வெறுங்கையோடு வந்துவிட்டேன்.

பச்சைக் குட்டை தாயாக இருந்தால் இப்படி நிறத்தை நம்ப முடியாது. அங்கேதான் மரபணுச் சோதனை உதவுகிறது. இலைத் துண்டு ஒன்றிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அப்பனுடைய அடையாளமும் அதில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்த வேலை நடந்திருக்கிறது. தென்னையின் மொத்த மரபணுத் தொகுதியின் வரைவும் 2017-இல் வெளியாகிவிட்டது.

கேள்வி: முந்திரியில் ஒட்டுக் கட்டுகிறார்களே, தென்னையிலும் கட்டினால் என்ன?
– வாசகர், மேலூர்

பதில்: முந்திரிக்குக் கிளை உண்டு. விருத்தாசலத்து வி.ஆர்.ஐ-3 ரகத்தின் குச்சியை எத்தனை கன்றில் கட்டினாலும் காய்ப்பது அதே ரகம்தான். தென்னையில் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒட்டிப் பிடிக்கிற பச்சைப் படலமே கிடையாது. இருப்பது ஒரே குருத்து. குச்சிக்காக அதை வெட்டினால் மரமே போச்சு.