நோகாத கட்டி என்று ஆறப்போட வேண்டாம்

தங்கச்சி, 52 வயது அம்மாவின் மார்பில் கட்டி, ஆனால் நோவில்லை, நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதுவரை தள்ளிப்போட விடாதீர்கள். புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோகாது.

சுகவனிதையர் கிளினிக் என்பது அறிகுறி இல்லாத பெண்களை முன்கூட்டியே பரிசோதிக்கும் இடம். கட்டி தட்டுப்பட்டவர் அதன் முறைநாளுக்குக் காத்திருக்கக் கூடாது. நேரே யாழ் போதனா வைத்தியசாலை சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டுங்கள். அக்குளையும் பார்ப்பார்கள், மமோகிராம், ஸ்கான், தேவையென்றால் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். பல கட்டிகள் புற்றுநோயே அல்ல.

புற்றுநோய் என்றாலும் தொடக்க நிலையான 1, 2ஆம் கட்டத்தில் பிடிபட்டால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். மார்பகப் புற்றுநோய்களில் குறைந்தது 60 வீதமானவை அப்போதே கண்டறியப்பட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. சிகிச்சை யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலையிலேயே உண்டு. அம்மா கூச்சப்பட்டால் பெண் வைத்தியரைக் கேளுங்கள்.