சவாசனம்: கேளுங்க சொல்றேன்

இன்னிக்கு சவாசனம் மட்டும்தான், யோகா முடிவுல அசையாம மல்லாந்து படுக்கறோமே, அது. தைராய்டு, தொப்பை எல்லாம் இன்னொரு நாள் பாக்கலாம்.

வேளச்சேரி தம்பி: அக்கா, ஆபீஸ் கேப் வந்துடும்னு கடைசி சவாசனத்த விட்டுட்டு எந்திரிச்சு ஓடிடுறேன். பரவாயில்லையா?

பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன் தம்பி. டைம் இல்லன்னா ரெண்டு ஆசனத்த குறைச்சுக்கோங்க, இதுல கை வைக்காதீங்க. ஹடயோக பிரதீபிகைன்னு 15ஆம் நூற்றாண்டு நூல், அதுலயே களைப்ப போக்கும், மனசுக்கு ஓய்வு குடுக்கும்னு இதுக்கு தனியா ஒரு ஸ்லோகம் இருக்கு. மனவளக்கலை போறவங்கள கேட்டுப்பாருங்க, அங்கயும் உடற்பயிற்சி முடியறது ஓய்வுலதான். 1969ல பம்பாய்ல டாக்டர் தாத்தேயும் அவர் கூட இருந்தவங்களும் 47 பிபி நோயாளிகளுக்கு சவாசனத்த கத்துக்குடுத்து பாத்தாங்க, பலருக்கு பிபி இறங்குச்சு, சிலருக்கு மாத்திரை அளவே குறைஞ்சுது. சின்ன ஆய்வுதான், அதுக்காக யாரும் மாத்திரைய தூக்கி போட்றாதீங்க.

முதல்ல படுத்துட்டு உங்க நாக்கு எங்க இருக்குன்னு பாருங்க. மேல்வாய்ல ஒட்டிட்டு இருக்கும், பல்லு கடிச்சிருக்கும், தோள் ரெண்டும் காதுகிட்ட ஏறியிருக்கும். நாள் முழுக்க அப்படியேதான் இருந்திருப்பீங்க, படுத்தப்புறம்தான் தெரியுது. நாக்க கீழ விடுங்க, தாடை தானா தொங்கும், அப்புறம் மூச்சு நீளமாகும். இதுக்கே அஞ்சு நிமிஷம் ஓடிடும், அதனாலதான் பத்து நிமிஷம் கேக்குறேன். முடிஞ்சதும் படக்குன்னு எந்திரிக்காதீங்க, ஒருக்களிச்சு கொஞ்சம் இருந்துட்டு கை ஊனி எந்திரிங்க.

மதுரை அண்ணன்: மேடம், படுத்த உடனே குறட்டை விட்டுடுறேன், கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கிறாங்க.

ராத்திரி தூக்கம் பத்தலன்னு அர்த்தம், அத சரி பண்ணுங்க. கிளாஸ்ல முழங்கைய மட்டும் மடக்கி கைய மேல தூக்கி வச்சுக்கோங்க, தூக்கம் வந்தா கை விழும், முழிப்பு வந்துடும். தினமும் ராத்திரி சத்தமா குறட்டை, பகல்லயும் தூங்கி வழியறீங்கன்னா டாக்டர பாருங்க.

திருப்பூர்: தூங்கிட்டா பலன் உண்டா?

தூங்கின பலன் உண்டு.

கும்பகோணம் மாமி: எங்க ஹால்ல தலைய வடக்க வச்சாதான் இடம் பத்தறது. "வாராத செல்வம் வந்தாலும் வடக்கே தலை வைக்காதே"ம்பாளே, தோஷமா?

சாஸ்திரத்துக்கு நான் ஆள் இல்ல மாமி. மனசு உறுத்துதுன்னா சோபாவ நகத்திக்கோங்க, உறுத்தலோட படுத்தா எங்க ரிலாக்ஸ் ஆகறது? உடம்புக்கு கெடுதல் கிடையாது.

சேலம்: அதெப்படி கிடையாதுன்னு சொல்றீங்க? ரத்தத்துல இரும்பு இருக்கு, பூமி ஒரு காந்தம், வடக்கு மூளைக்கு ரத்தத்த இழுக்கும். முன்னோர் முட்டாளா?

முன்னோர் காந்தம்னு சொல்லல சார், அது நம்ம காலத்துல சேத்தது. ரத்தத்துல இருக்கற இரும்பு ஆணி மாதிரி கிடக்கல, ஹீமோகுளோபின்ல கட்டுண்டு இருக்கு, காந்தம் அத இழுத்துட்டு போகாது. எம்ஆர்ஐ மெஷின் சாதாரணமா 1.5 டெஸ்லா, பூமியோட காந்தத்த விட பல்லாயிரம் மடங்கு. அதுக்குள்ள அரை மணி நேரம் படுத்துட்டு ரத்தம் தலைக்கு ஏறாம எந்திரிச்சு வர்றாங்கல்ல?

சேலம்: எம்ஆர்ஐ அரை மணி நேரம்தான், தூக்கம் எட்டு மணி நேரம்.

சவாசனம் பத்து நிமிஷம் சார்.

ஈரோடு: சேலம் சார் சொல்றது சரி, எங்க தாத்தா வடக்க படுக்கவே மாட்டாரு, 94 வயசு வரை இருந்தாரு.

சந்தோஷம். தாத்தா வேற என்னென்ன செஞ்சாருன்னும் கேட்டுக்கோங்க. வடக்கு இதோட முடிஞ்சுது, இனி கேட்டா பதில் வராது.

கோவை: எந்திரிக்கும்போது கண்ணு இருட்டுது, பிபி மாத்திரை சாப்பிடுறேன்.

இதுக்குதான் கத்துறேன், படக்குன்னு எந்திரிக்காதீங்கன்னு. படுத்திருந்து சட்டுனு நின்னா ரத்தம் காலுக்கு இறங்கி பிபி விழும், சில மாத்திரை அத இன்னும் கூட்டும். ஒருக்களிச்சு, உக்காந்து, அப்புறம் நில்லுங்க. அப்பவும் இருட்டுனா மாத்திரை குடுத்த டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

தாம்பரம்: யோக நித்திரையும் இதுவும் ஒண்ணா?

இல்ல. சவாசனம் படுக்கற நிலை. முங்கேர்ல பீகார் யோகா பள்ளி ஆரம்பிச்ச சுவாமி சத்யானந்தர் வகுத்த யோக நித்திரை, அந்த நிலைல படுத்துட்டு குரல் சொல்ற வரிசைல உடம்பு முழுக்க கவனத்த கொண்டு போற பயிற்சி.

ஓசூர்: இதனால வெயிட் குறையுமா?

குறையாது.

நெல்லை: வடக்கு பாத்து உக்காந்து தியானம் பண்ணலாமா?

மேல ஈரோட்டுக்கு சொன்னத படிங்க.

திருச்சி தங்கை: அக்கா, ஏழு மாசம். மல்லாந்து படுத்தா படபடன்னு வருது.

மல்லாந்து படுக்காதம்மா. வயித்து பாரம் கீழ இருக்கற பெரிய ரத்தக்குழாய அமுக்கும், அதான் படபடப்பு. இடது பக்கம் ஒருக்களிச்சு, முழங்கால் நடுவுல ஒரு தலகாணி, வயித்துக்கு கீழ சின்னதா ஒரு துணி மடிப்பு. படபடப்ப அடுத்த செக்கப்ல மறக்காம சொல்லு, கூடவே மயக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தா செக்கப் வரைக்கும் காத்திருக்காத.