‘போ’ என்றால் ‘இங்கே’

கேள்வி: நான் மார்த்தாண்டத்தைச் சேர்ந்த செவிலியர். முதியோர் பராமரிப்பு வேலைக்காக இன்னும் இரண்டு மாதத்தில் இஸ்ரேலின் ஹைஃபா நகருக்குப் போகிறேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செயலியைப் பார்த்து இருநூறு ஹீப்ரு சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். மறுநாள் பாதி மறந்துபோகிறது. அன்றாடப் பேச்சுக்கு வேண்டியதை எப்படிக் கற்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த இருநூறு சொற்களைக் கொஞ்ச காலத்துக்கு மூடி வையுங்கள். தனித்தனியாகக் கற்ற சொல் நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போது நாக்கில் வராது. சிறு வாக்கியமாகக் கற்றதுதான் வரும்.

ஹைஃபாவில் நான் இதே வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி இடுப்பில் கையை வைத்து, “கோஎவ் லி போ” என்றார். கடைசிச் சொல் மட்டுமே என் காதில் விழுந்தது. தனியாக இருக்க விரும்புகிறார் போலும் என்று எண்ணி நான் அறையை விட்டு வெளியே போய்விட்டேன். அவர் சொன்னதோ “எனக்கு இங்கே வலிக்கிறது” என்பதாகும். ஹீப்ருவில் ‘போ’ என்றால் ‘இங்கே’ என்று பொருள். அதே சொல்லின் முதல் எழுத்தை ‘பல்’ என்பதில் வரும் ஒலியோடு சொல்லாமல், ‘கம்பம்’ என்பதில் வரும் மூன்றாம் எழுத்தின் ஒலியோடு அதிர்த்துச் சொன்னால், ஓர் ஆணை ‘வா’ என்று அழைப்பதாகிவிடும். பெண்ணை அழைக்க ‘போஈ’ என்பார்கள். தமிழில் எழுதினால் எல்லாமே ‘போ’தான். ‘கர்’ என்று எழுதினாலும் இதே சிக்கல்: வல்லோசையோடு சொன்னால் குளிர், அதிர்த்துச் சொன்னால் ‘வசிக்கிறான்’. எனவே, குறிப்பேட்டில் தமிழ் எழுத்தையே பயன்படுத்துங்கள். ஆனால் அதிர்ந்து ஒலிக்கும் க, த, ப ஆகியவற்றின் கீழே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொண்டையை உரசி வரும் ஒலிக்கு ‘ஃக’ என்று எழுதலாம். எஃகு என்று சொல்லும்போது வருவதைவிட அது சற்றுக் கரகரப்பானது.

மேலே சொன்ன வாக்கியத்தை இன்னொரு முறை பாருங்கள். ‘லி’ என்றால் ‘எனக்கு’. நாம் ‘எனக்கு வலிக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’, ‘எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று சொல்வதைப் போலவே ஹீப்ருவிலும் ‘கோஎவ் லி’, ‘கர் லி’, ‘யேஷ் லி’ என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்தின் வழியாக இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள். உங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. பெண்ணைப் பார்த்து ‘உனக்கு’ என்பதற்கு ‘லாஃக்’, ஆணைப் பார்த்து ‘லெஃகா’. ஆகவே பாட்டியிடம் “கோஎவ் லாஃக்?” என்றால் வலிக்கிறதா என்றும், “கர் லாஃக்?” என்றால் குளிர்கிறதா என்றும் கேட்டதாகும். இந்த ஒரே அச்சில் உங்கள் நாள் வேலையில் பாதி முடிந்துவிடும்.

நான் ‘உனக்கு’ என்று எழுதியது உங்களுக்கு உறுத்தியிருக்கும். இக்கால ஹீப்ருப் பேச்சில் ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மை கிடையாது. எண்பது வயதுப் பாட்டியும் ‘அத்’தான், எட்டு வயதுப் பேத்தியும் ‘அத்’தான், ஆணாக இருந்தால் ‘அத்தா’. மருத்துவரைக்கூடப் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்பீர்கள். கூசாதீர்கள். மரியாதையைக் குரலிலும், ‘பெவகஷா’ (தயவுசெய்து), ‘தொதா’ (நன்றி), ‘ஸ்லீஃகா’ (மன்னிக்கவும்) ஆகிய மூன்று சொற்களிலும் காட்டிவிடலாம். பேசுபவர் பெண் என்பதும் வினையில் தெரியும்: ‘புரியவில்லை’ என்பதை நீங்கள் “அனி லோ மெவினா” என்றும், ஆண் “அனி லோ மெவின்” என்றும் சொல்ல வேண்டும். செயலிகள் பெரும்பாலும் ஆண்பால் வடிவத்தையே முதலில் தருவதால், பெண்பாலைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். கூடவே “ஓத் பஅம், லெஅத், பெவகஷா” (இன்னொரு முறை, மெதுவாக, தயவுசெய்து) என்பதை விமானம் ஏறுமுன் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி பழகிவிடுங்கள்.

நலம் விசாரிக்கப் பாடநூல் ‘மா ஷ்லோமேஃக்’ என்று கற்றுத்தரும். தெருவில் ‘மா நிஷ்மா’ என்பதே அதிகம் காதில் விழும். ‘என்ன கேள்விப்படுகிறது’ என்பது அதன் நேர்ப்பொருள், நம் ‘என்ன சேதி’தான். இரண்டுக்கும் “பெசேதர், தொதா” என்றால் போதும். ‘யல்லா’, ‘சபாபா’ போன்றவை அரபியிலிருந்து வந்த பேச்சு வழக்குகள். அவை தாமாகவே ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து மொத்தம் 22தான், ஒரு மாதத்தில் வந்துவிடும். ஆனால் அச்செழுத்தும் கையெழுத்தும் வெவ்வேறு வடிவம் கொண்டவை என்பதை மறக்காதீர்கள். பாட்டியின் மகள் சமையலறையில் ஒட்டிவைக்கும் மாத்திரைக் குறிப்பு கையெழுத்தில்தான் இருக்கும்.

ஆம்புலன்ஸுக்கு 101. அந்த நேரத்தில் வேண்டிய வாக்கியங்கள் இரண்டு: “ஹி நாஃப்லா” (விழுந்துவிட்டார்), “ஹி லோ நோஷெமெத்” (மூச்சு விடவில்லை). வீட்டு முகவரியையும் மாடி எண்ணையும் ஹீப்ருவில் சொல்ல, போய்ச் சேர்ந்த முதல் நாளே பழகுங்கள்.

பிழையாகப் பேசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. வீடுகளில் பேச்சு மொழியாக ஹீப்ரு மீண்டும் எழுந்தே ஏறத்தாழ 140 ஆண்டுகள்தான் ஆகின்றன. வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்காக 1949-இல் எருசலேமில் தொடங்கிய ‘உல்பான்’ வகுப்புகளைப் போன்றவற்றில், வளர்ந்த பிறகு உட்கார்ந்து இதைக் கற்ற முதியவர்கள் அங்கே ஏராளம். உங்கள் பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஹைஃபாவில் ருஷ்ய மொழி பேசும் முதியவர்களும் நிறைய இருக்கிறார்கள். ஆகையால் பயணத்துக்கு முன்பே, பாட்டி வீட்டில் எந்த மொழி பேசுகிறார் என்று ஏஜென்ட்டிடம் விட்டுவிடாமல் அவருடைய பிள்ளைகளிடமே கேட்டுவிடுங்கள்.