பளுதூக்குதலில் மகளின் எதிர்காலம்: ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் பளுதூக்குதலில் ஒலிம்பிக் வரை செல்ல விரும்புவதாகவும், அதனால் அவளது வளர்ச்சி தடைபட்டுப் படிப்பும் கெட்டுவிடுமோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தகுதியான பயிற்சியாளரின் மேற்பார்வையில் பழகும் பிள்ளைகளின் உயரம் குறைந்துவிடும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. தொடக்கத்தில் வெறும் கம்பை வைத்துத்தான் நுணுக்கம் கற்றுத்தருவார்கள். பெண்களுக்கான போட்டிக் கம்பியின் எடையே 15 கிலோ என்பதால், அதைத் தொடுவதற்குக்கூட நல்ல பயிற்சியாளர் அவசரப்படுத்த மாட்டார். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் அடக்கிப் பிடிப்பதால் உள்ளங்கை காய்த்துப்போகும், சில நாள் தோலும் உரியும். அதைக் கண்டு பதறாதீர்கள்.

நீங்கள் உண்மையில் கண்காணிக்க வேண்டியது அவளது உடல் எடையை. போட்டிகள் எடைப்பிரிவுப்படி நடப்பதால், சிறிய பிரிவில் எளிதாக வெல்லலாம் என்று சொல்லி வளரும் பெண்ணைப் பட்டினி போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மாதவிடாய் தவறுவதும் எலும்பு வலுவிழப்பதும் நேரக்கூடும் என்பதால், இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். 1994, 1995 ஆம் ஆண்டுகளில் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்ற இந்திய வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி, பெண்கள் பளுதூக்குதல் முதன்முதலாக இடம்பெற்ற 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோ பிரிவில் இரு தூக்குமுறைகளிலும் சேர்த்து 240 கிலோ தூக்கித்தான் வெண்கலம் பெற்றார். உடல் வளர்ந்தால் பிரிவும் மாறட்டும்.

தோல்வியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கம்பியை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், முதலில் தோள்வரை கொண்டுவந்து பிறகு மேலே தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் ஆகிய இரண்டிலும் தலா மூன்று வாய்ப்புகளே உண்டு. ஏதாவது ஒன்றில் மூன்றும் தவறினால் மொத்தக் கணக்கே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மீராபாய் சானுவுக்கு கிளீன் அண்ட் ஜெர்க்கில் அதுதான் நேர்ந்தது. மறு ஆண்டே அவர் உலகப் பட்டம் வென்றார். 2018இல் முதுகுக் காயத்தால் ஆசிய விளையாட்டைத் தவறவிட்டார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் 87, 115 என மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார். 2024 பாரிஸில் ஒரே ஒரு கிலோ குறைந்ததால் வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் மனம் மகளிடம் இருக்கிறதா என்பதைவிட, வீட்டில் உங்களிடம் இருக்கிறதா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

வேலைவாய்ப்பைப் பொறுத்தவரை, ரயில்வே, காவல்துறை போன்றவற்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆளெடுக்கிறார்கள். மீராபாயும் ரயில்வேயில் பணியாற்றியவர்தான். ஆனால் பதக்கத்தோடு கல்வித் தகுதியும் பார்க்கப்படுகிறது. பத்தாம் வகுப்போடு நின்றவருக்கும் பட்டதாரிக்கும் கிடைக்கும் பணிநிலை ஒன்றாக இருக்காது. பின்னாளில் பட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் பட்டயம் படிக்கவும் பொதுவாகப் பட்டப்படிப்பு தேவைப்படும். ஆகவே பள்ளியை நிறுத்தச் சொல்லும் எந்தப் பயிற்சி மையமும் வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் ஒரு மாலை நேரம் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். சிறுமிகளுக்கு எடை கூட்டுவதற்கு முன் அவர்களின் முதுகு நிமிர்ந்திருக்கிறதா என்று பயிற்சியாளர் கவனிக்கிறாரா, பெண்களுக்குத் தனி உடைமாற்றும் அறை உண்டா, சத்துமாவு என்ற பெயரில் முத்திரையில்லாத பொடிகளைக் கொடுக்கிறார்களா என்பதையெல்லாம் விசாரியுங்கள். அத்தகைய பொடியில் ஊக்கமருந்து கலந்திருந்து சோதனையில் சிக்கினால், தெரியாமல் உட்கொண்டேன் என்ற விளக்கம் பெரும்பாலும் தடையிலிருந்து காப்பாற்றாது. கொடுத்தவர் யாராக இருந்தாலும் தண்டனை அனுபவிப்பவள் உங்கள் மகளாகவே இருப்பாள்.