பச்சடிக் கத்தி குடல் பக்கம் போகக் கூடாது

கேள்வி: எங்கள் குலதெய்வக் கோயில் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பொட்டல்காட்டில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கிடா வெட்டி, அங்கேயே அடுப்பு மூட்டி 150 பேருக்குச் சமைப்போம். குழாய் கிடையாது, டிராக்டரில் வரும் தண்ணீர்தான். போன ஆண்டு விருந்துக்கு மறுநாள் பலருக்கு வயிற்றுப்போக்கு. கறி வெட்டிய கத்திதான் காரணம் என்கிறார்கள் சிலர். கத்தியை நெருப்பில் காட்டினாலே போதும் என்கிறார் சமையல்காரர். கத்திக்கென்றே ஒரு கிருமிநாசினி ஸ்ப்ரே 1,200 ரூபாய்க்கு விற்கிறது. வாங்கலாமா?

பதில்: ஸ்ப்ரே வேண்டாம், நெருப்பும் வேண்டாம். உங்களுக்குத் தேவை கூடுதலாக இரண்டு கத்தி, ஒரு பாத்திரம் கொதிநீர், கொஞ்சம் கண்டிப்பு.

போன ஆண்டு நடந்ததற்குக் கத்தி மட்டும்தான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. மதியம் இறக்கிய குழம்பு மாலை வரை அண்டாவிலேயே ஆறிக் கிடந்தாலும் இதே கதைதான். அது தனிப் பிரச்சினை. நீங்கள் கேட்டது கத்தியைப் பற்றி, அதைப் பார்ப்போம்.

குழம்பில் விழும் கறித்துண்டு எந்தக் கத்தியில் வெட்டப்பட்டிருந்தாலும் நெடுநேரம் கொதிக்கப் போகிறது. சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அந்தக் கொதியில் செத்துவிடும். தயிர்ப் பச்சடிக்கு நறுக்கும் வெங்காயம் கொதிக்கப் போவதில்லை. வெள்ளரிக்காய், எலுமிச்சை, கடைசியில் தூவும் மல்லித்தழை எல்லாம் அப்படியே இலைக்கு வருகின்றன. கறிக்கத்தியின் ஈரம் இவற்றில் பட்டால் நேராக வயிற்றுக்குத்தான் போகும். திறந்தவெளிச் சமையலில் கத்தியால் வரும் ஆபத்தில் பெரும்பங்கு இங்கேதான் இருக்கிறது.

கறியைவிட மோசம் குடல். மேற்சொன்ன கிருமிகள் வசிப்பதே ஆட்டின் குடலில்தான். தோலை உரித்தவர் அதே கத்தியால் வயிற்றைக் கிழிப்பார், குடலைச் சீவிச் சாணத்தை வழிப்பார், ஒரு செம்புத் தண்ணீரில் கத்தியை அலசுவார், இடுப்பில் கட்டிய துண்டில் இருபுறமும் துடைப்பார். கத்தி பளபளவென்று ஆகிவிடும். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் அக்கா "அண்ணே, அந்தக் கத்தியைக் கொடுங்க" என்று கை நீட்டுவார். அந்த நொடியில் நீங்கள் குறுக்கே நிற்க வேண்டும்.

தோலுரிக்கவும் குடல் சீவவும் ஒன்று, கறி வெட்ட ஒன்று, காய்க்கும் பழத்துக்கும் ஒன்று என்று மூன்று கத்தி வையுங்கள். காய்க்கத்தியின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைச் சுற்றிவிடுங்கள், யார் கையில் எடுத்தாலும் தெரியும். வெட்டும் கட்டையும் பலகையும் அதேபோல் வேறு வேறாக இருக்கட்டும். கறிக்கட்டையில் விழுந்த வெட்டுத் தழும்புகளுக்குள் இறங்கிய ரத்தத்தை எந்தக் கழுவலும் முழுசாக எடுக்காது.

கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை ஊற்றினால் ரத்தம் வெந்து கத்தியிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தேங்காய் நாரும். பிடியும் அலகும் சேரும் இடுக்கை விரலால் தடவிப் பாருங்கள், கொழுப்பு வழுவழுவென்று நிற்பது அங்கேதான். சோப்புப் போக அலசிவிட்டு, அடுப்போரத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தூக்குச்சட்டியில் அலகு முழுவதும் மூழ்கும்படி அரை நிமிடம் பிடியுங்கள். ஐரோப்பிய ஆட்டிறைச்சிக் கூடங்களில் கத்தி முக்கும் தண்ணீர் குறைந்தது 82 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் அதைத் தாண்டியது என்பதால் வெப்பமானி தேவையில்லை. எடுத்த பிறகு துடைக்காதீர்கள். தலைகீழாகச் சாய்த்து வையுங்கள், சூட்டில் தானே காயும். இத்தனைக்கும் சேர்த்து ஒரு குடம் தண்ணீர்கூட ஆகாது.

சோப்பு தீர்ந்துவிட்டால் சலித்த விறகுச் சாம்பல் நல்லது, கொழுப்பை எடுக்கும். மண் கூடாது. கத்தியை மண்ணில் குத்தி எடுத்தால் சுத்தம் என்று நம்புகிறார்கள். மண்ணிலுள்ள சில கிருமிகளின் வித்துகள் கொதிநீரையும் தாங்கும்.

நெருப்பில் காட்டினால் அலகில் கரி ஏறும், சூடு எல்லா இடத்திலும் சமமாகப் படாது, இரும்பு நீலம் பாய்ந்தால் பதம் போய்க் கூர் நிற்காது. கிருமிநாசினி எதுவானாலும் கொழுப்பும் ரத்தமும் ஒட்டிய கத்தியில் சரியாக வேலை செய்யாது. தேய்த்துக் கழுவி, கொதிநீரில் முக்கிய கத்திக்கோ அது தேவையே இல்லை. ஆல்கஹால் கலந்த ஸ்ப்ரேயை விறகடுப்புப் பக்கத்தில் அடித்தால் தீப்பிடிக்கும், அது வேறு. பிளீச்சிங் பவுடர் கரைசல் பட்டறைக் கத்தியைத் துரு ஏற்றிக் குழி விழ வைக்கும், அந்தக் குழியில் மறுபடி அழுக்குச் சேரும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், அது அரிவாள்மனை. அதைச் சட்டியில் முக்க முடியாது. பலகையோடு பிணைந்த இரும்பு, அடியில் இடுக்கு, நுனியில் தேங்காய்த் துருவி. கறிக்கு உட்கார்ந்த அரிவாள்மனையில் பிறகு எதையும் நறுக்கக் கூடாது, எவ்வளவு கழுவினாலும் சரி. கரண்டியால் கொதிநீரை மோந்து மோந்து ஊற்றுவார்கள். அலகின் மேல்புறம் சுடும், அடி இடுக்கு வெதுவெதுப்போடு நின்றுவிடும். துருவியின் பல்லிடுக்கில் சிக்கிய தேங்காய்ப் பூவில் கறித்தண்ணீர் பட்டிருந்தால், அடுத்துத் துருவும் தேங்காயோடு அது சட்னிக்கு வரும், சட்னியை யாரும் கொதிக்க வைப்பதில்லை. ஒரே ஒரு அரிவாள்மனைதான் கிடைத்தது என்றால், கிடா வெட்டும் முன்பே தேங்காயும் காயும் எலுமிச்சையும் முடித்து மூடி வைத்துவிட்டு, கடைசியாகக் கறிக்குக் கொடுங்கள். முறை மாறக் கூடாது.

இனி பணம். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து சாக்கில் கட்டி வரும் கத்திகள் முந்தின விருந்தின் கொழுப்போடுதான் வருகின்றன. "கழுவித்தான் அனுப்பினோம்" என்பார்கள். அவிழ்த்ததும் முகர்ந்து பாருங்கள், தெரிந்துவிடும். சமையல் ஏஜென்டுகள் பில்லில் 'சுகாதாரக் கட்டணம்' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள், பதில் வராது. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றை லேமினேட் போட்டுக் காட்டுவார்கள். அடிப்படைப் பதிவுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அதற்கு இடைத்தரகர்கள் ஆயிரக்கணக்கில் கறந்து, அந்தச் சுமையும் உங்கள் தலையில் இறங்குகிறது. பதிவு இருப்பது அவசியம்தான், ஆனால் அந்தக் காகிதம் கத்தியைக் கழுவாது. 25 பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்கிறார்கள் அதிகாரிகள். போய் உட்கார்ந்து சான்று வாங்கி வருவது பெரும்பாலும் மேனேஜர். கத்தியைப் பிடிக்கிற மனிதரிடம் எவரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. 2006-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2011-இல் நடைமுறைக்கும் வந்தது. இன்னும் எத்தனை காலம் காகிதத்தை மட்டும் பரிசோதிப்பார்கள்?

எனவே உங்கள் வேலையை நீங்களே பாருங்கள். முன்பணம் கொடுக்கும்போதே சமையல்காரரிடம் மூன்று கத்தி, கொதிநீர்ச் சட்டி, துண்டில் துடைக்கக் கூடாது என்று பேசிவிடுங்கள். காய்க்கத்தியையும் தேங்காய்த் துருவியையும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். குடும்பத்தில் விவரமான ஒருவரைக் காலையிலிருந்து அந்தக் கத்திக்குப் பொறுப்பாக்குங்கள். வீடு திரும்பியதும் பட்டறைக் கத்திகளைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். சாக்கில் ஈரத்தோடு போட்டால் அடுத்த ஆண்டு துருவைத் தேய்ப்பதிலேயே காலை கழிந்துவிடும்.