பவளப்பாறை கிழித்த பாதம் 4 நாளாகியும் ஆறவில்லையா?

பயணத்தில் பவளப்பாறையில் பாதத்தைக் கிழித்துக்கொண்ட உங்கள் நண்பர் நாளைக்கு அலைச்சறுக்குக்கு இறங்கலாமா என்று கேட்கிறீர்கள். இறங்கவே வேண்டாம். 4 நாளுக்குப் பிறகும் பாதம் சிவந்து, தொட்டால் சுருக்கென்கிறது என்றால், பவளத் துகள் உள்ளே தங்கியிருக்கலாம். மேலே தோல் மூடிக்கொள்ளும், அடியில் புண் அப்படியே இருக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குடிக்கிற தண்ணீரைக் காயத்தின் மேல் சில நிமிடம் பீய்ச்சுங்கள். பாட்டில் மூடியில் சின்ன ஓட்டை போட்டால் போதும். அப்புறம் செல்போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். மணல் போல வெள்ளைப் புள்ளி மேலாகத் தெரிந்தால், சுத்தமான இடுக்கியால் எடுக்கலாம். ஆழத்தில் இருந்தால் தோண்டாதீர்கள், அது மருத்துவர் வேலை. எலுமிச்சை பிழியச் சொல்வார்கள், கேட்காதீர்கள். எரிச்சல்தான் மிச்சம்.

சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். நண்பருக்குச் சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ இருந்தால் காத்திருக்காமல் இப்போதே கிளம்புங்கள். சில கடல்நீர்க் கிருமிகள் இந்த நோய் உள்ளவர்கள் உடலில் மிக வேகமாகப் பரவும். டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டிவிட்டதா என்றும் கேளுங்கள்.

அடுத்த ஊர்ப் பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போட முடிந்தால் நல்லது. பை சுமந்து நடந்தால் அந்தப் பாதம் ஆறாது.